உப்பளத் தொழில் வருமானம் நின்றபின் முன்கூட்டிய வரித் தவணைகள்: மரக்காணக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொந்தத் தொழில் செய்வோர் தம் ஆண்டு வருமானத்தைத் தாமே மதிப்பிட்டு, ஆண்டு முடியுமுன் நான்கு தவணைகளில் வருமானவரி செலுத்த வேண்டும் என்பது இந்தியச் சட்டம். ஆண்டின் இடையில் வருமானம் நின்றுவிட்டால் எஞ்சிய தவணைகளை என்ன செய்வது என்பதில் தெளிவின்மை நிலவுகிறது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தின் உப்பளத் தொழிலைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ள எவர் அனுமதியும் தேவையில்லை என்பதும், தவறாகக் குறைத்தால் நேரும் வட்டி அளவறிந்த ஒன்று என்பதும், முன்னரே செலுத்திய தொகை ஆண்டு முடியும்வரை திரும்பக் கிடைக்காமையே உண்மையான இடர் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: முன்கூட்டிய வரி, மரக்காணம், உப்பளம், பருவத் தொழில், பிரிவு 234சி, உத்தேச வருமானம், வரி திரும்பப் பெறல்.

முன்னுரை

சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். நெய்தல் நிலத்தின் உப்பு விளைவும் உமணர் வாணிகமும் சங்க இலக்கியத்தில் பரவலாகப் பேசப்படுகின்றன. அத்தொழில் இக்கடற்கரையில் இன்றும் தொடர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், கழுவெளி நீர்ப்பரப்புக்கும் கடலுக்கும் அருகில், உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன.

உப்பு விளைவைப் பற்றிய இலக்கிய ஆய்வுகளும் உப்பளத் தொழிலாளரின் வாழ்நிலை பற்றிய சமூகவியல் ஆய்வுகளும் தமிழில் வெளிவந்துள்ளன. ஆயின் உப்பளக் குத்தகைதாரர், உப்பு வணிகர் ஆகியோரின் வரிக்கடமை பற்றிய விளக்கம் அரிதாகவே காணப்படுகிறது. வெயிலை நம்பிய தொழிலின் வருமானம் மழையில் நின்றுவிடும். வரித் தவணையின் கெடுநாள் நிற்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முரணே இக்கட்டுரையின் பொருள்.

இங்குச் சுட்டப்படும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்துக்கு உரியவை. 2025–26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு அச்சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்னும் இரட்டை வழக்கு நீங்கி ‘வரி ஆண்டு’ என்னும் ஒரே வழக்கு வந்துள்ளது. எனினும் முன்கூட்டிய வரியின் அடிப்படை முறை தொடர்கிறது.

1. உப்பின் பருவமும் வரியின் நாட்காட்டியும்

மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஆண்டின் தொடக்கத்தில் வரப்புகளும் பாத்திகளும் சீரமைக்கப்படுகின்றன. கோடை முழுவதும் உப்பு வாரப்படுகிறது. அக்டோபரில் மழை தொடங்கியதும் விளைவு நிற்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் வேலை இராது. இம்மாதங்களில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளருக்குத் தமிழக அரசு ரூ.5,000 மழைக்கால நிவாரணம் வழங்குவது, இவ்வருமான நிறுத்தத்தை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

இதற்கு நேர் எதிராக அமைகிறது வரி நாட்காட்டி. ஆண்டின் மொத்த வரியில் 15 விழுக்காடு ஜூன் 15க்குள்ளும், 45 விழுக்காடு செப்டம்பர் 15க்குள்ளும், 75 விழுக்காடு டிசம்பர் 15க்குள்ளும், முழுத்தொகையும் மார்ச் 15க்குள்ளும் செலுத்தப்பட வேண்டும் (பிரிவு 211). அதாவது, வரியின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி விளைவு நின்றபின் வரும் இரு தவணைகளில் விழுகிறது. இயல்பான ஆண்டில் இது பெருந்துன்பம் அன்று. கோடையில் குவித்து மூடிவைத்த உப்பு மழைக்காலத்தில் விலைபோகும். ஆனால் புயல் ஆண்டில் குவியலே கரைந்துவிடுகிறது. 2020 நவம்பர் 25–26 இரவில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே மரக்காணப் பகுதியில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை பெய்வித்தது. இவ்விரண்டும் டிசம்பர் 15ஆம் நாள் தவணைக்குச் சில வாரங்களே முன்னதாக நிகழ்ந்தன என்பது கருதத்தக்கது.

2. சட்ட அடிப்படை

இந்தியாவில் முன்கூட்டிய வரி முறை, 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1944இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின் வழியாக வந்தது. ‘ஈட்டும்போதே செலுத்து’ என்பதே இதன் கொள்கை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 207 முதல் 219 வரையிலான பிரிவுகள் இதனை வகுக்கின்றன. மூலத்தில் பிடிக்கப்பட்ட வரியைக் கழித்தபின், ஆண்டின் வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே இக்கடமை எழும் (பிரிவு 208).

உப்பு நிலத்தில் விளைவதாகப் பேசப்பட்டாலும், அது வேளாண் வருமானம் ஆகாது. கடல்நீரைப் பாய்ச்சி ஆவியாக்கிப் பெறும் உப்பில் உழவுத்தொழில் எதுவும் இல்லை என்பதால், அதன் ஆதாயம் தொழில் வருமானமாகவே கொள்ளப்படுகிறது.

இக்கடமை யாரைத் தொடும் என்பதையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 2025–26 நிதியாண்டில் புதிய வரித்திட்டத்தின்கீழ் ரூ.12 லட்சம் வரை மொத்த வருமானமுள்ள, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு வரித்தள்ளுபடியால் வரி இல்லை. ஆகவே நாட்கூலி பெறும் தொழிலாளரும் சிறு குத்தகைதாரரும் பெரும்பாலும் இவ்வட்டத்துக்கு வெளியே நிற்பர். நடுத்தர, பெரிய குத்தகைதாரர், மொத்த வணிகர், லாரி உரிமையாளர் ஆகியோருக்கே இவ்வினா எழுகிறது. எனினும் அவர்கள் கையில் பணம் முடங்கினால், சனவரியில் வரப்புச் சீரமைப்புக்குத் தரவேண்டிய கூலியும் முன்பணமும் சுருங்கும் என்பதால் இதன் விளைவு தொழிலாளர் வரை நீள்கிறது.

3. வருமானம் ‘நிற்றல்’ என்பதன் பொருள்

வருமானம் நின்றது என்னும் பொதுவழக்கு மூன்று வேறு நிலைகளைக் குறிக்கிறது. இவற்றைப் பிரித்தறியாமையே பல தவறுகளுக்கு முதற்காரணம்.

முதலாவது, விளைவு நிற்றல். இது ஆண்டுதோறும் நிகழ்வது. கையிருப்பு உப்பு விற்கப்படும்வரை வருமானம் நின்றதாகாது. தொடக்கத்திலேயே ஆண்டு மதிப்பீட்டில் இது கணக்கிடப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, பணவரவு நிற்றல். விற்ற உப்புக்கு விலை வந்துசேரவில்லை எனினும், உரிமை அடிப்படையில் கணக்கு வைப்பவருக்கு அது வருமானமே. ரொக்க அடிப்படையில் கணக்கு வைப்பவருக்கு வந்த பணமே கணக்கு. எந்தக் கணக்கு முறை தொடர்ந்து பின்பற்றப்படுகிறதோ அதன்படியே மதிப்பீடும் அமைய வேண்டும் (பிரிவு 145).

மூன்றாவது, ஆதாயமே அழிதல். புயலில் கரைந்த கையிருப்பு, தொழிலின் நட்டமாகக் கழிக்கத்தக்கது. இந்நிலையில்தான் ஆண்டு மதிப்பீடு உண்மையில் மாறுகிறது. உப்புக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. வரிவிலக்குப் பொருளை மட்டும் விற்பவர் அவ்வரிக்குப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. எனவே பிற வணிகருக்கு இருப்பதுபோல் மாதாந்தர விற்பனைப் பதிவு உப்பளத்தாருக்கு இராது. இருப்புப் பதிவேடு, எடைச்சீட்டு, லாரி வாடகைச் சீட்டு, சேத நிழற்படங்கள், வருவாய்த் துறையின் சேதச் சான்று ஆகியவையே பின்னாளில் நட்டத்தை மெய்ப்பிக்கும்.

4. மதிப்பீட்டைக் குறைத்தல்

தவணைக்குத் தவணை மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளும் உரிமை வரி செலுத்துபவருக்கு உண்டு (பிரிவு 210). இதற்கு விண்ணப்பமோ அனுமதியோ வேண்டியதில்லை. குறைந்த மதிப்பீட்டின்படி சலானில் குறைந்த தொகையைச் செலுத்துவது அல்லது செலுத்தாதிருப்பதே போதும். 234சி பிரிவின் வட்டி, தொடக்க மதிப்பீட்டைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. இறுதியில் வருமானவரிக் கணக்கில் காட்டப்படும் வருமானத்தின் வரியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே வருமானம் உண்மையாகவே குறைந்தால், குறைத்துச் செலுத்தியதற்கு வட்டி எழாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2025–26இல் புதிய வரித்திட்டத்தில் உள்ள ஒரு குத்தகைதாரர், முறையான கணக்கேடுகள் வைத்து, தம் வருமானத்தை ரூ.16 லட்சம் என்று மதிப்பிடுவதாகக் கொள்வோம். மேல்வரி உட்பட வரி ரூ.1,24,800. ஜூனில் ரூ.18,720, செப்டம்பரில் ரூ.37,440 ஆக ரூ.56,160 செலுத்திவிட்டார். நவம்பர் இறுதியில் புயல் வந்து கையிருப்பு அழிகிறது. இதன்பின் மூன்று நிலைகள் நேரலாம்.

முதல் நிலை: ஆண்டு வருமானம் ரூ.11.5 லட்சமாகக் குறைகிறது. ரூ.12 லட்சத்துக்குள் வருவதால் வரியே இல்லை. டிசம்பரிலும் மார்ச்சிலும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. செலுத்திய ரூ.56,160 முழுவதும் திரும்பப் பெறத்தக்கது. ரூ.12 லட்சத்தை ஒட்டிய வருமானத்தில் சிறு சரிவுகூட வரியை முற்றிலும் நீக்கிவிடும் என்பதால், இவ்வெல்லைக்கு அருகில் உள்ளோர் டிசம்பர்த் தவணைக்கு முன் கணக்கை மறுபடி பார்ப்பது இன்றியமையாதது.

இரண்டாம் நிலை: வருமானம் ரூ.14 லட்சமாகக் குறைகிறது. வரி ரூ.93,600. டிசம்பர் 15க்குள் இதன் 75 விழுக்காடு, அதாவது ரூ.70,200 செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முன்னரே ரூ.56,160 செலுத்தியிருப்பதால் ரூ.14,040 போதும். மார்ச்சில் எஞ்சிய ரூ.23,400 செலுத்தினால் கணக்கு முடியும்.

மூன்றாம் நிலை: வரியே வராது என்று கருதி டிசம்பரில் செலுத்தாதிருந்தார், பின்னர் மேட்டில் தப்பிய உப்பு நல்ல விலைக்குப் போய், வருமானம் ரூ.14 லட்சமாக முடிந்தது. டிசம்பர்க் குறைவான ரூ.14,040க்கு, நூறுக்குக் கீழான தொகை நீக்கி, மாதம் 1 விழுக்காடு வீதம் மூன்று மாத வட்டி ரூ.420. மார்ச் 15க்குள் எஞ்சிய ரூ.37,440ஐச் செலுத்திவிட்டால் வேறு வட்டி இல்லை. அதையும் செலுத்தாவிட்டால் மார்ச்சுக்கு ரூ.374 சேரும். மேலும் செலுத்தியது மொத்த வரியில் 90 விழுக்காட்டுக்குக் குறைவு என்பதால், 234பி பிரிவின்படி ஏப்ரல் முதல் மாதம் 1 விழுக்காடு வட்டி தொடங்கும். ஜூலையில் செலுத்தினால் நான்கு மாதத்துக்கு ரூ.1,496. ஆக மொத்தம் ரூ.2,290.

இக்கணக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. தவறாகக் குறைத்து மதிப்பிட்டதன் விலை ஆண்டுக்கு 12 விழுக்காட்டுத் தனிவட்டியே. அதைவிட உயர்ந்த வட்டிக்கு வெளியில் கடன் வாங்கி, பழைய மதிப்பீட்டின்படி தவணை கட்டுவது பொருந்தாச் செயலாகும். நேர்மையாகக் குறைத்து மதிப்பிடுவோர் அஞ்ச வேண்டியது சிறிதே. மேலும், முன்னறிய இயலாத வருமானம் ஒரு தவணைநாளுக்குப் பின் எழுந்து, அதற்குரிய வரி எஞ்சிய தவணைகளில் செலுத்தப்பட்டிருப்பின், 234சி வட்டியைக் குறைக்கவோ நீக்கவோ தலைமை ஆணையருக்கு நேரடி வரிகள் மத்திய வாரியத்தின் 2006 ஜூன் 26ஆம் நாள் ஆணை அதிகாரம் அளிக்கிறது.

5. மதிப்பீட்டு அலுவலரின் ஆணை இருக்கும்போது

முன்னர் வரி மதிப்பீடு செய்யப்பட்ட ஒருவருக்கு, நிதியாண்டின் பிப்ரவரி இறுதிக்குள் மதிப்பீட்டு அலுவலர் முன்கூட்டிய வரி செலுத்துமாறு ஆணையிடலாம். அது கடந்த ஆண்டுகளின் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது. நல்ல விளைச்சல் ஆண்டை அடுத்துப் புயல் ஆண்டு வரின், இவ்வாணை நடப்பு நிலைக்குப் பொருந்தாது. இந்நிலையில் மட்டும் வாளாவிருத்தல் கூடாது. தம் மதிப்பீடு குறைவு என்பதைப் படிவம் 28ஏ வழியாக அலுவலருக்குத் தெரிவித்து, அதன்படி செலுத்த வேண்டும். ஆணை பெறாதோர்க்கு இப்படிவம் தேவையில்லை.

6. உத்தேச வருமான முறையும் அதன் வரம்பும்

ஆண்டு விற்றுமுதல் ரூ.2 கோடிக்குள் உள்ள தொழிலுக்கு 44ஏடி பிரிவு ஓர் எளிய வழியைத் தருகிறது. ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்குள் இருப்பின் இவ்வரம்பு ரூ.3 கோடி. விற்றுமுதலில் 8 விழுக்காடு, வங்கி வழியாகவோ மின்னணு வழியாகவோ வந்த தொகைக்கு 6 விழுக்காடு, வருமானமாகக் கொள்ளப்படும். இம்முறையைத் தேர்ந்தோர் நான்கு தவணைகளுக்கு மாறாக, மார்ச் 15க்குள் ஒரே தவணையில் முழுவதும் செலுத்தலாம்.

உப்பளத் தொழிலுக்கு இது மிகப் பொருந்துவது. மார்ச் 15 அன்று ஆண்டின் விளைவும் விற்பனையும் மழைச் சேதமும் ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்துவிடும். மதிப்பீடு என்பது ஊகமாக இராமல் கணக்காகிவிடும்.

ஆயின் இதற்கொரு மறுபக்கம் உண்டு. இம்முறை விற்றுமுதலை மட்டுமே நோக்கும், நட்டத்தை ஏற்காது. கோடையில் விற்றதற்கு 6 அல்லது 8 விழுக்காடு வருமானம் காட்டியாக வேண்டும். கையிருப்பு கரைந்ததைக் கழிக்க இயலாது. உண்மை வருமானம் குறைவு என்று கூறி முறையை விட்டு விலகினால், அடுத்த ஐந்து மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு மீண்டும் இம்முறைக்கு வர முடியாது. அவ்வாண்டுகளில் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கேடுகளும் தணிக்கையும் கட்டாயம். எனவே ஒரு புயல் ஆண்டின் நட்டத்தைக் காப்பாற்ற, ஐந்தாண்டு எளிமையை இழப்பதா என்பது தனித்தனியே எடைபோட வேண்டிய ஒன்று. விலகி, நட்டத்தைக் காட்டினால், உரிய கெடுவுக்குள் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்தபின் அந்நட்டத்தை எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் வரை பின்வரும் தொழில் ஆதாயத்தில் ஈடுசெய்யலாம் (பிரிவு 72). பெருஞ்சேதம் உற்றவருக்கு இது பயன்தரக்கூடும். சிறுசேதம் உற்றவருக்கு விலகாமையே நன்று.

7. முடங்கும் தொகை

முதல் நிலையில் கண்ட குத்தகைதாரரின் ரூ.56,160 எப்போது திரும்பும்? ஆண்டின் இடையில் முன்கூட்டிய வரியைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழியில்லை. நிதியாண்டு முடிந்து, வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்து, அது பரிசீலிக்கப்பட்ட பின்னரே தொகை வங்கிக் கணக்குக்கு வரும். உரிய காலத்தில் தாக்கல் செய்தோர்க்கு ஏப்ரல் 1 முதல் மாதம் 0.5 விழுக்காடு வட்டி உண்டு (பிரிவு 244ஏ). ஆகஸ்டில் தொகை வந்தால் ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.1,400. திரும்பப் பெறும் தொகை, தீர்மானிக்கப்பட்ட வரியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவெனில் அவ்வட்டியும் இல்லை.

இங்கே இரு ஏற்றத்தாழ்வுகள் புலனாகின்றன. குறைத்துச் செலுத்தியவர் தரும் வட்டி மாதம் 1 விழுக்காடு. மிகுத்துச் செலுத்தியவர் பெறும் வட்டி அதில் பாதி. அதுவும் பணம் தேவைப்பட்ட டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்கு வட்டி இல்லை. வரப்பு உடைந்து, பாத்தியில் சேறு நிரம்பி, புதிய பருவத்துக்குச் செலவிட வேண்டிய வேளையில்தான் தொகை முடங்கிக் கிடக்கிறது. இதனால் முதலிரு தவணைகளில் தேவைக்கு மேல் செலுத்தாதிருத்தல் பருவத் தொழிலுக்கு ஏற்ற அறிவுடைமையாகும். இறுதி வரியில் ஜூனில் 12 விழுக்காடும் செப்டம்பரில் 36 விழுக்காடும் செலுத்தப்பட்டிருந்தால் அத்தவணைகளுக்கு வட்டி இல்லை என்று சட்டமே இடம் தருகிறது.

8. தொழிலையே கைவிடும்போது

குத்தகையை விட்டுத் தொழிலை நிறுத்துவோர், நிறுத்திய 15 நாட்களுக்குள் மதிப்பீட்டு அலுவலருக்கு அறிவிக்க வேண்டும் (பிரிவு 176). மழைக்கால இடைநிறுத்தம் இதனுள் அடங்காது. நிறுத்தியபின் வரும் பழைய பாக்கிகளும் வரிக்குரியவையே. 60 வயது நிறைந்த, இந்தியாவில் வசிப்போர்க்குத் தொழில் வருமானம் எதுவும் இல்லாத ஆண்டில் முன்கூட்டிய வரிக்கடமையே இல்லை. தொழிலை விட்ட ஆண்டில் சில மாத வருமானம் இருப்பினும் இவ்விலக்கு அவ்வாண்டுக்குக் கிடைக்காது. அடுத்த ஆண்டு முதலே பொருந்தும்.

9. பிறநாட்டு முறைகளும் 2015இன் முன்னுதாரணமும்

அமெரிக்காவில் மொத்த வரவில் மூன்றில் இரு பங்கு உழவிலோ மீன்பிடியிலோ பெறுவோர், நான்கு தவணைகளுக்கு மாறாக சனவரி 15க்குள் ஒரே தவணை செலுத்தலாம். பிற பருவத் தொழிலினர், ஒவ்வொரு காலப்பகுதியிலும் உண்மையில் ஈட்டியதை ஆண்டுமயமாக்கித் தவணையைக் கணக்கிடலாம். நிறுமங்கள் மிகுத்துச் செலுத்திய தவணையை, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யுமுன்பே திரும்பக் கேட்கவும் அங்கு வழியுண்டு. பிரித்தானியாவில் வருமானம் குறையும் என்று கருதுவோர் தவணைத் தொகையைக் குறைக்கக் கோரலாம்.

இந்தியாவில் இத்தகைய நிலையான ஏற்பாடு 44ஏடி பிரிவினர் போன்ற சிலருக்கு மட்டுமே ஒருவாறு அமைகிறது. ஏனையோர்க்குப் பேரிடர் நேரும்போது 119ஆம் பிரிவின்கீழ் வாரியம் பிறப்பிக்கும் ஆணையே துணை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் டிசம்பர் 15ஆம் நாள் தவணை டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது இதற்குச் சான்று. எனினும் பதினாறு நாள் நீட்டிப்பு வெள்ளத்தால் வங்கிக்குச் செல்ல இயலாதவருக்குப் பயன்படுமேயன்றி, வருமானமே அழிந்தவருக்கு உதவாது. அவருக்கு உதவுவது குறைந்த மதிப்பீடே.

முடிவுரை

மரக்காண உப்பளத்தை முன்வைத்து நோக்கும்போது பின்வருவன தெளிவாகின்றன. வருமானம் நின்றது என்னும்போது விளைவா, பணவரவா, ஆதாயமா நின்றது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஆதாயம் குறைந்திருப்பின், அடுத்த தவணைக்கு முன் ஆண்டு முழுமைக்கும் மறுமதிப்பீடு செய்து, செலுத்தியதைக் கழித்து, எஞ்சியதை மட்டும் செலுத்தலாம். அலுவலரின் ஆணை இருந்தாலன்றி எவருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. மார்ச் 15க்கு முன் கணக்கை மீண்டும் ஒருமுறை பார்ப்பது டிசம்பரில் நேர்ந்த பிழையைச் சிறு வட்டியோடு முடித்துவிடும். நட்டத்தையும் திரும்பப் பெறும் தொகையின் வட்டியையும் காப்பது உரிய காலத்தில் செய்யும் தாக்கலே.

வரிக் கொள்கையின் நோக்கில், உப்பு போன்ற பருவத் தொழில்களுக்குக் கணக்கேடு வைப்போர்க்கும் மார்ச் ஒற்றைத் தவணையை விரிவுபடுத்துவதும், பேரிடர் அறிவிக்கப்பட்ட வட்டங்களில் முன்கூட்டிய வரியை ஆண்டின் இடையிலேயே திரும்பக் கேட்க வழிசெய்வதும் ஆராயத்தக்கவை. ‘ஈட்டும்போதே செலுத்து’ என்னும் கொள்கை, ஈட்டாதபோது செலுத்தியதை விரைந்து திருப்பித் தருவதையும் உள்ளடக்கும்போதே நிறைவு பெறும்.